வெள்ளையடித்த பாலமும் எட்டுப் படங்களும்

1. மூலையில் இருந்த கறை

புளியங்குடியிலிருந்து வந்த எலுமிச்சை வியாபாரி ஒருவர் தம்முடைய படத்தை எங்கள் ஸ்டூடியோ மேஜையின் மேல் எறிந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

“வே, இது என்னதுன்னு சொல்லும்.”

முதலாளி படத்தை எடுத்துப் பார்த்தார். நாற்காலியில் வியாபாரி உட்கார்ந்திருந்தார். பின்னால் அரண்மனைப் படிக்கட்டும் அன்னம் நீந்தும் குளமும் வரைந்த திரைச்சீலை. அதன் வலது மூலையில் மழை ஒழுகிப் பிடித்த கறை ஒன்று.

“மழைத் தண்ணி பட்டது அண்ணாச்சி. அது ஒரு மூலையிலல்லா கெடக்கு? உங்க மூஞ்சியப் பாருங்க, ராசா கணக்கா இருக்கிய.”

“எம் மூஞ்சிய யாரு வே பாக்கா? எம் பொண்டாட்டி பாத்தா, மச்சினன் பாத்தான். ரெண்டு பேரும் மொதல்ல கேட்டது ‘இது என்ன கறை’ன்னுதான். மாடு மோண்ட சுவத்துல சாஞ்சு உக்காந்த மாதிரில்லா இருக்கு!”

முதலாளி வேறு படம் எடுத்துத் தருவதாகச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார். நான் டார்க்ரூம் வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். என் சட்டைப் பையில் அன்று காலை வந்த பதில் ஒன்று இருந்தது. எங்கள் தொண்டர் குழு ஒரு பாலத்தைப் பற்றிக் கொடுத்த மூன்றாவது மனுவுக்கு முனிசிபல் ஆபீஸிலிருந்து வந்த பதில். ‘மனுவில் கண்ட பழுது எத்தகையது என விளங்கவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது. மூன்று மனுவையும் எழுதியவன் நான். மூன்றாவதில் நாலு பக்கம் எழுதியிருந்தேன்.

வேண்டாத ஒரு கறை ஒரு மூலையில் விழுந்தால் இத்தனை பேர் கண்ணுக்குத் தெரிகிறது. நாலு பக்கம் எழுதினால் யாருக்கும் விளங்கவில்லை. அப்படியானால் மனு எழுதுவதை விட்டுவிட்டுப் பாலத்தைப் படம் பிடித்து அனுப்பினால் என்ன?

இதை எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்காக எழுதுகிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பையன்கள் கேமராவைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிட்டால் நான் செய்த தவறுகளில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகும். என்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெயர் கோமதிநாயகம். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, உத்தியோகத்துக்கு எழுதிப் போட்டு, பதில் வராமல், சும்மா இருக்கப் பிடிக்காமல் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். நெகடிவ் கழுவுவது, பிரிண்ட் போடுவது, வெளியூரில் யாராவது இறந்துபோனால் முதலாளியோடு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போவது, இவை என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டர் குழு. சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் எதைப் பார்த்தாலும் நாமே சரிசெய்துவிடலாம் என்று தோன்றுகிற காலம்.

பாலம் என்று சொன்னது பெரிய பாலம் இல்லை. நெசவாளர் தெருவின் வாறுகால், அதாவது தெருச் சாக்கடை, ரோட்டைக் கடக்கிற இடத்தில் மேலே பரப்பிய கல்லும் இரண்டு பக்கமும் முழங்கால் உயரச் சுவரும். பஞ்சு வண்டி ஒன்று ஏறியதில் உள்ளே கல் முறிந்து தொங்கிவிட்டது. சாதாரண நாளில் தண்ணீர் எப்படியோ கசிந்து போகும். மழை பெய்தால் போக வழி இல்லாமல் பின்வாங்கித் தெருவுக்குள் ஏறும். தெருவில் பள்ளமான வீடு வேலம்மாள் அக்காவுடையது.

அந்த வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் தொடை ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்கிற தறி. வீட்டுக்குள் வருகிற தண்ணீர் முதலில் அந்தக் குழியில்தான் இறங்கும். போன ஐப்பசியில் அப்படி இறங்கித் தறியில் ஏற்றியிருந்த நெடுக்கு நூலான பாவு முழுவதும் அழுகிவிட்டது. நூல் சுலபமாகக் கிடைக்காத காலம். நூல் கொடுக்கிற ஜவுளிக்காரர், “இந்த வருஷமும் நனைஞ்சா இனிமே உங்களுக்குப் பாவு கெடையாது” என்று சொல்லிவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணாச்சிக்குப் பார்வை மங்கிவிட்டது, நூல் சுற்றுவதோடு சரி. நெய்வது அக்கா. தறி நின்றால் அந்த வீடு நின்றுவிடும்.

அப்போது புரட்டாசி பிறந்து ஒரு வாரம். மழைக்கு ஒரு மாதம் இருந்தது.

2. ஒரு சுருள்

ஸ்டூடியோவின் பெரிய கேமராவை முதலாளி தரமாட்டார். கேட்கவும் இல்லை. அலமாரியில் ஒரு பாக்ஸ் கேமரா தூசி படிந்து கிடந்தது. அதைக் கேட்டேன்.

“எதுக்குலே?”

சொன்னேன்.

“சாக்கடையவா படம் எடுக்கப் போற? ஊர்ல எத்தன நல்ல மூஞ்சி இருக்கு!”

“நல்ல மூஞ்சிய எடுத்தா மழை வெளிய நிக்குமா முதலாளி?”

“வாய் மட்டும் நீளம். சரி, மதுரையிலேருந்து வந்த சுருள்ல ஒண்ணு தாறேன். எட்டுப் படம் விழும். ஒண்ணுல நம்ம கட போர்டை எடுத்துரு. மிச்சம் ஏழு ஒம் பாலத்துக்கு. சுருள் இனி எப்ப வரும்னு எனக்கே தெரியாது, பாத்துக்க.”

இந்த இடத்தில் என் முதல் தவறு. எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பாலம் படம் பிடிக்கப்படும், ஆபீஸுக்கு அனுப்பப்படும், தெருவார் ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு அறிவிப்பு எழுதித் தெருமுனைச் சாவடியில் ஒட்டினேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது. நின்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வேறு வந்தேன்.

3. ஞாயிற்றுக்கிழமை

எட்டு மணிக்கு நானும் குழுச் செயலாளர் சுப்பையாவும் போனோம். சுப்பையா சைக்கிள் கடை வைத்திருப்பவன், என் வயதுக்காரன். தெரு திரும்பியதும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

தெரு முழுவதும் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. வாறுகாலில் விடிகாலையிலிருந்து பன்னிரண்டு பேர் இறங்கிச் சகதியை வாரிக் கரையில் குவித்து, அதன் மேல் தென்னந்தட்டி சாத்தி மறைத்திருந்தார்கள். பாலத்தின் இரண்டு சுவருக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தது. அது இன்னும் காயவில்லை. ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மாவிலைத் தோரணம். நடுவில் ஒரு கதம்ப மாலை. பாலத்துக்கு முன்னால் ஆண்கள் வேஷ்டி கட்டி, பெண்கள் கூறைப்புடவை கட்டி, பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி இரண்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆறுமுகம் அண்ணாச்சி முன்னே வந்தார். நெற்றி நிறையத் திருநீறு.

“எப்படித் தம்பி இருக்கு நம்ம பாலம்? மூஞ்சி பாத்துக்கிடலாம்லா?”

“அண்ணாச்சி, பாலம் கெட்டுக் கெடக்குன்னு காட்டத்தான் படம். இப்பிடி சோடிச்சு வச்சா ஆபீஸ்ல எப்படி நம்புவான்?”

“கெட்டதுதான். அதுக்காக? நாலு பெரிய மனுசன் பாக்கப் போற படம். நாறிப்போயா நிக்கச் சொல்லுத?”

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “நாளைக்கு இந்தத் தெருவுக்குப் பொண்ணு கேட்டு வாரவன் அந்தப் படத்தப் பாத்தாம்னா? சாக்கடைக்குள்ள குடியிருக்கவளையா கட்டுவான்?”

“அந்த ஆபீஸ்காரனுக்கே ஒம் பொண்ணக் குடுத்துரு, தீந்து போச்சு” என்றார் இன்னொருவர். இரண்டு வரிசையும் சிரித்தது.

வேலம்மாள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி சொல்லுததும் சரிதான்” என்றார். “ஆனா விடிகாலமே வாரிட்டாங்களே. இனி என்ன செய்ய?”

சகதியைத் திரும்பத் தள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குரூப்பை ஒரு படம் எடுத்தேன். எடுத்ததும் வரிசை கலைந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. அந்தத் தெருவில் உயிரோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. படம் என்றால் இறந்தவரை நாற்காலியில் உட்கார்த்தி எடுப்பது என்றுதான் அவர்களுக்குப் பழக்கம். இப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். அண்ணன் தம்பி நாலு பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார்கள். “இன்னும் எத்தன இருக்கு? அத என்ன வீட்டுக்கா கொண்டு போகப் போற?” என்று கேட்டார்கள். மறுக்க முடியவில்லை. நாலு படம் அதில் போயிற்று. கடை போர்டை முன்னாலேயே எடுத்திருந்தேன்.

மொத்தம் ஆறு. மிச்சம் இரண்டு. ஆறு படம் வரை கணக்கு வைத்துக்கொண்டு, மீதி இரண்டையும் வைத்திருக்க வேண்டும் என்று டார்க்ரூமில் சுருளை இருட்டில் வெட்டி, எடுத்த பகுதியை மட்டும் கழுவினேன். மிச்சத்தைத் திரும்பக் கேமராவுக்குள் சுற்றி வைத்தேன்.

4. பென்சில்

குரூப் படத்தின் நெகடிவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இடது சுவரில் சுண்ணாம்பையும் மீறி விரிசல் ஒரு கோடாக விழுந்திருந்தது. மேலேயிருந்து கீழே வரை கோணலாக ஓடியது. இது போதும் என்று நினைத்தேன். உட்கார்ந்து நாலாவது மனுவை எழுதினேன். இந்தத் தடவை அரைப் பக்கம்தான். ‘இணைத்துள்ள படத்தில் இடது சுவரில் காணும் விரிசலைக் கவனிக்கவும்’ என்று முடித்தேன்.

மறுநாள் காலை கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று ஆள் வந்தது. முதலாளிக்குக் காய்ச்சல். ஸ்டாண்டையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். அவர் மெதுவாகப் பிரிண்ட் போட்டு வைப்பதாகச் சொன்னார். சுப்பையா அதை வாங்கி மனுவோடு ஒட்டி அன்று சாயங்காலமே ஆபீஸில் கொடுத்துவிட்டான்.

எட்டாம் நாள் பதில் வந்தது. குழுவில் உரக்கப் படித்தது நான்தான். ‘இணைக்கப்பட்ட படத்தில் விரிசல் எதுவும் காணப்படவில்லை. பாலம் நல்ல நிலையில் வெள்ளையடித்துப் பராமரிக்கப்படுவது தெரிகிறது. தெருவைச் சுத்தமாக வைத்துள்ள வாலிபர்களின் தொண்டு பாராட்டுக்குரியது. மனு முடிக்கப்பட்டது.’

“பாராட்டியிருக்கான்லா?” என்றான் சுப்பையா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தான்.

கடைக்கு ஓடினேன். நெகடிவ்வை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். விரிசல் இருந்த இடத்தில் பென்சில் தடம் பளபளத்தது. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முகத்தில் சுருக்கமோ அம்மைத் தழும்போ இருந்தால் நெகடிவ்வில் அது தெளிந்த கோடாகத் தெரியும். கூர்மையான பென்சிலால் அந்த இடத்தை நிரப்பினால் பிரிண்டில் தழும்பு மறைந்துவிடும். ரீடச்சிங் என்பது அதுதான். எங்கள் முதலாளி அதில் கைதேர்ந்தவர்.

“முதலாளி, விரிசல எடுத்துட்டியளா?”

காய்ச்சல் விட்டும் அலுப்பு தீராமல் கடைக்குள்ளேயே படுத்திருந்தவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். “எந்த விரிசல்?”

“பாலத்துல.”

“ஆமா, சுவத்துல ஒரு கோடு அசிங்கமாக் கெடந்துது. எடுத்தேன். பின் வரிசையில ஒருத்திக்கு மூக்குல பரு, அதையும் எடுத்தேன். ஏன், நல்லா வரலையா?”

“அந்தக் கோட்டுக்காகத்தான் முதலாளி படமே.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். நெகடிவ்வை வாங்கிப் பார்த்தார். “முப்பது வருசமாக் கோட்டப் பாத்தா கை தானாப் போகுதுலே” என்றார். “நீ சொல்லிட்டுல்லா போயிருக்கணும்.”

அது உண்மை. நான் சொல்லவில்லை. பிரிண்டைப் பார்க்காமல் மனுவைக் கொடுக்க விட்டதும் நான்தான். மனு முடிக்கப்பட்டுவிட்டது. கரையில் குவித்த சகதி தட்டிக்குப் பின்னால் அப்படியே இருந்தது. ஐப்பசி பிறக்க இன்னும் ஐந்து நாள்.

வேலம்மாள் அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தறியிலிருந்து எழாமல் கேட்டுக்கொண்டார்.

“அப்ப அவுகளுக்கு நம்ம பாலம் நல்லாயிருக்கு.”

“ஆமாக்கா.”

“எனக்கு இது பாதிப் பாவு தம்பி. முடிக்க இன்னும் பதினெட்டு நாளு ஆவும். மழை அதுக்குள்ள வராதுன்னு சொல்லு, போ.”

நூலை இழுத்துக்கொண்டு நாடா திரும்பவும் தறியின் குறுக்கே ஓட ஆரம்பித்தது.

5. முப்பது வரை எண்ணியது

மழை பத்தாம் நாள் வந்தது. இரவெல்லாம் பெய்து, காலையில் கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்தது. மத்தியானம் சுப்பையா சைக்கிளில் வந்து கத்தினான்: “ஏலே, தண்ணி ஏறிட்டு, வா!” பாக்ஸ் கேமராவைக் குடைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பாலத்தருகே கரையில் குவித்த சகதி முழுவதும் மறுபடி உள்ளே இறங்கியிருந்தது. தண்ணீர் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு படம் எடுத்தேன். அது ஏழாவது. மூட்டமான வெளிச்சம், கேமராவோ வெயிலுக்கென்று செய்தது. படம் தெளிவாக விழுந்திருக்காது என்று எடுக்கும்போதே தெரிந்தது.

மழை விட்டது. தண்ணீர் விடவில்லை. வேலம்மாள் அக்கா வீட்டில் பின்பக்கப் பாவுச் சுருளை அவிழ்த்து உத்தரத்தில் கட்டியிருந்தார்கள். ஆனால் தறியில் விழுது என்கிற கண்ணிகளுக்குள்ளும் அச்சு என்கிற சீப்புக்குள்ளும் இழை இழையாகக் கோத்திருக்கிற பாவை அறுக்காமல் எடுக்க முடியாது. அதுவும் நெய்த துணியும் குழியின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றன. குழி நிறைந்திருந்தது. அக்காவும் அண்ணாச்சியும் அடுத்த வீட்டுக்காரர் இருவரும் குடத்தாலும் அண்டாவாலும் அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அள்ளுகிற அளவுக்கு உள்ளே வந்தது. அதனால் மட்டம் ஏறாமல் நின்றது.

வாசற்படியில் நின்று பார்த்தேன். இதுதான் எடுக்க வேண்டிய படம். ஆனால் வீட்டுக்குள் இருட்டு. பாக்ஸ் கேமராவில் ஷட்டரைத் திறந்து வைத்து எடுக்க ஒரு ஏற்பாடு உண்டு. இந்த வெளிச்சத்துக்கு முப்பது எண்ணும்வரை திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் யாரும் அசையக் கூடாது. அசைந்தால் புகை மாதிரி விழும். இருப்பது ஒரே படம்.

அதாவது, முப்பது எண்ணும்வரை அவர்கள் தண்ணீர் அள்ளக் கூடாது.

சொன்னேன். ஆறுமுகம் அண்ணாச்சி குடத்தைத் தரையில் போட்டார்.

“ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு நிமிசம் விட்டா பாவு நனையும்டே! படமா பெருசு, பாவா பெருசு?”

அடுத்த வீட்டுக்காரர் ஒருவரும், “ஏற்கெனவே எடுத்துக் கிழிச்சது போதாதா? நீரு படம் எடுத்துத்தான் மனுவையே மூடிட்டான்” என்றார்.

அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. கேமராவைத் துணியில் சுற்றப் போனேன்.

“தம்பி” என்றார் அக்கா. தண்ணீர் அள்ளுவதை நிறுத்தவில்லை. “இந்தப் படம் விழுமா?”

“விழலாம்க்கா. நிச்சயமாச் சொல்ல முடியாது.”

“இந்தத் தடவ அள்ளித் தப்பிச்சிருவேன். அடுத்த மழைக்கு?” என்று அண்ணாச்சியிடம் கேட்டார். அவர் குடத்தை எடுத்து மறுபடி அள்ளினார். “கார்த்திகையிலயும் பெய்யும்லா? அப்பவும் அள்ளணும். எத்தன நாளைக்கு நாலு பேரும் அள்ளிக்கிட்டே நிக்க?”

குடத்தை வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். தண்ணீர் தொடைக்கு மேல் நின்றது. ஒரு கையால் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். “இங்கன நின்னா தண்ணி எம்புட்டுன்னு தெரியும்லா?”

“தெரியும்க்கா.”

“எண்ணு. சீக்கிரம் எண்ணாத, சரியா எண்ணு.”

உரலைக் கவிழ்த்து வாசற்படியில் வைத்து, அதன் மேல் கேமராவை வைத்தேன். ஷட்டரைத் திறந்தேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். சுப்பையா வெளியே நின்றவர்களைக் கையைக் காட்டி நிறுத்தியிருந்தான். அண்ணாச்சி குடத்தோடு சுவரோரம் நின்றார். பத்து எண்ணும்போது தண்ணீர் குழி விளிம்பைத் தாண்டித் தரையில் பரவியது. இருபதில் துணியின் அடிப்பக்கம் நிறம் மாறத் தொடங்கியதைப் பார்த்தேன். அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தலை அசையவில்லை, கண் மட்டும் அங்கே போயிற்று. எண்ணுவதை விரைவாக்க வேண்டும் என்று தோன்றியது. விரைவாக்கவில்லை. முப்பதில் மூடினேன்.

மூடிய சத்தம் கேட்டதும் நாலு பேரும் குனிந்து அள்ளினார்கள். நானும் கேமராவை உரலின் மேலேயே விட்டுவிட்டு ஒரு சட்டியை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வரை அள்ளினோம். பாவு தப்பியது. நெய்த துணியில் ஒரு சாண் கறை ஏறிவிட்டது.

6. பிறகு நடந்தது

இந்தத் தடவை நெகடிவ்வை நானே கழுவினேன். முதலாளி பின்னால் நின்று பார்த்தார்.

“மூஞ்சி கறுத்துக் கெடக்கு. லேசா வெளுத்து வுடட்டுமா?”

“முதலாளி!”

“கேட்டேன்லே, கேட்டா தப்பா?” பென்சிலை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

படத்தைத் தபாலில் அனுப்பவில்லை. வேலம்மாள் அக்காவும் நானும் சுப்பையாவும் நேரில் எடுத்துக்கொண்டு போனோம். ஆபீஸ் குமாஸ்தா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன, கிணறா?”

“என் வீடுய்யா.”

அவர் பழைய காகிதக் கட்டை எடுத்து, குரூப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ரெண்டும் ஒரே தெருவா? நம்பச் சொல்லுதீங்களா?”

“அதுல பின்னால ரெண்டாவதா நிக்கது நான்தான். இதுல தண்ணிக்குள்ள நிக்கதும் நான்தான். மூஞ்சியப் பாத்துக்கிடுங்க” என்று அக்கா முக்காட்டை விலக்கி நின்றார். குமாஸ்தா இரண்டு படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். மேலதிகாரி குடையோடு வெளியே வந்து, எங்களோடு நெசவாளர் தெருவுக்கு நடந்தார். பாலத்தில் கடப்பாரையால் ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். சுண்ணாம்பு பாளமாக விழுந்தது. விரிசலுக்குள் அவர் தம் கையையே விட்டுப் பார்த்தார்.

கார்த்திகை பிறக்கும் முன் புதுக் கல் போட்டார்கள். மண் வெட்டியது நாங்கள். ஜவுளிக்காரர் வந்து கறைத் துணிக்காக ஒரு பாட்டம் ஏசினார். தோண்டிக் கிடந்த பாலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுத்த பாவுக்கு ஒப்புக்கொண்டார். கார்த்திகை மழையில் நான் அந்த வீட்டுக்குப் போனபோது குழி காய்ந்திருந்தது. அக்கா நெய்துகொண்டிருந்தார்.

செய்தி பரவியது. போன வாரம் மேற்கே இன்னொரு தெருவிலிருந்து ஆள் வந்தது. தங்கள் வாறுகாலையும் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தேன். வாறுகால் அவ்வளவு மோசமில்லை. ஆனால் நடுவில் மண் குவிந்து கிடந்தது, புதிதாக.

“இது எப்படி வந்துது?”

“நாங்கதான் ரெண்டு கூடை அள்ளிப் போட்டோம் தம்பி. படத்துல எடுப்பாத் தெரியணும்லா?”

அள்ளிவிடச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வருவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் ஒரு தெரு சோடித்துக்கொண்டு நிற்கிறது, இன்னொரு தெரு அழுக்கைப் பூசிக்கொண்டு நிற்கிறது. சொல்லாமல் போனாலும் கேமராவைக் கண்டதும் எல்லோரும் விறைத்துக்கொள்கிறார்கள். என் முடிவு இதுதான்: கேமரா வருகிறது என்பது ஊருக்குச் செய்தியாக இருக்கிற வரைக்கும் சரியான படம் கிடைக்காது.

அன்று வழியில் வேலம்மாள் அக்கா வீட்டில் நின்று இதைச் சொன்னேன். தண்ணீருக்குள் நின்ற படத்தின் ஒரு பிரிண்டை வேண்டுமா என்றும் கேட்டேன்.

“அது எதுக்கு? அந்த ஆபீஸ் வழியாப் போகையில எல்லாம் குமாஸ்தா ஐயா ‘தண்ணியில நின்ன அம்மாவா’ன்னு கேக்காரு. பதினாலு வயசுலேருந்து தறியில உக்காந்திருக்கேன். அது ஒருத்தனுக்கும் தெரியல. ஒரு நாளு தண்ணியில நின்னது எல்லாருக்கும் தெரியுது.”

“நெய்யுததை எடுக்கட்டுமாக்கா?” என்றேன்.

“நீ எடுக்கேன்னா புடவை மாத்தணும், தலை சீவணும். நெசவா ஓடும்?”

அதனால் நாளை முதல் ஒன்று செய்து பார்க்கப் போகிறேன். அடுத்த சுருள் வர எப்படியும் மூன்று வாரம் ஆகும். அதுவரை சுருள் இல்லாத கேமராவைத் தூக்கிக்கொண்டு தினமும் காலையில் ஒரு மணி நேரம் அந்தத் தறிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அதைத் தூக்குவதும் குனிவதும் சும்மா ஷட்டரைத் தட்டுவதுமாக இருக்க வேண்டும். அந்த வீட்டுக்கும் தெருவுக்கும் என்னையும் கேமராவையும் பார்த்துச் சலித்துப்போக வேண்டும். சலித்த பிறகுதான் சுருள் மாட்டுவேன். என்றைக்கு மாட்டினேன் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அக்காவிடம் சம்மதம் கேட்டேன்.

“உக்காந்தா உக்காரு. ஆனா நான் ஒன்னத் திரும்பிப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன், ஆமா. எனக்குச் சோலி கெடக்கு.”

“அப்படியே இருங்கக்கா, அது போதும்” என்றேன்.